மின்னுகிற இண்டிகேட்டரும் திரும்பாத டயரும்

சரக்கு வேன் ஓட்ட ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இண்டிகேட்டரை நம்புவதை இரண்டாவது வருடமே விட்டுவிட்டேன்.

அன்று கிளைச் சாலையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு கார், இண்டிகேட்டர் மின்ன மின்ன வந்தது. நாங்கள் நிற்கிற சாலைக்குள்தான் திரும்பப் போகிறது என்று யாருமே நினைப்பார்கள். லோடு இறக்க கூட வந்த தம்பி, "அவரு உள்ளே வர்றாரு அண்ணே, எடுங்க" என்றான். கிளட்சைப் பாதி விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஏதோ உறுத்தியது. திரும்பப் போகிற கார் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடிக்கும்; பிடித்தால் அதன் மூக்கு லேசாக அமுங்கும். இது அமுங்கவில்லை. முன் டயரும் நேராகவே இருந்தது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். கார் அதே வேகத்தில், எங்கள் பம்பரை உரசாத குறையாகப் போயிற்று. இண்டிகேட்டர் அப்போதும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டியவருக்கு நாங்கள் நின்றதே தெரிந்திருக்காது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். நான் தயங்கியது அந்த ஒரு நொடிதான்.

அவரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு யோசித்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. திருப்பிய ஸ்டியரிங் போதுமான அளவு திரும்பி வந்தால்தான் காரின் இண்டிகேட்டர் தானாக அணையும். லேன் மாறும்போதும் லேசான வளைவிலும் ஸ்டியரிங்கை அவ்வளவு ஒடிப்பதில்லை. விளக்கு அப்படியே நின்றுவிடும். பைக்குகளில் பலவற்றில் தானாக அணையும் வசதியே கிடையாது. கட்டை விரலால் அழுத்தி அணைக்க வேண்டும், அதுவும் ஞாபகம் இருந்தால். ஆக, அந்த விளக்கு பாதி நேரம் சொல்வது பழைய கதை. போன திருப்பத்தில் என்ன செய்தார் என்பதை இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது.

பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிற விளக்கும் உண்டு. ஓரமாக நிற்கிற வண்டி ஹசார்ட் லைட், அதாவது இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்து, போட்டிருக்கும். பின்னால் இன்னொரு வண்டி நின்று ஒரு பக்க விளக்கை மறைத்துவிட்டால், நமக்குத் தெரிவது ஒன்றுதான். கிளம்பப் போகிறான் என்று காத்திருப்போம். அவரோ உள்ளே இருக்கவே மாட்டார்! பெரிய லாரி இண்டிகேட்டர் போட்டால் சில ஊர்களில் 'முந்திப் போ' என்று அர்த்தம். 'நான் திரும்புகிறேன்' என்றும் அர்த்தம். எது என்று அவரிடம் இறங்கிப் போய்க் கேட்கவா முடியும்? ஹெட்லைட்டை ஒரு தடவை அடிப்பதும் அப்படித்தான். ஒருத்தர் 'நீ போ' என்பார், இன்னொருத்தர் 'நான் வர்றேன், நில்' என்பார்.

அதனால் இப்போது விளக்கைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் டயர், அடுத்தது ஓட்டுபவரின் தலை. லேன் மாறப் போகிறவர் கையை அசைப்பதற்கு முன்பே கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்ப்பார். ஓரத்தில் நிற்கிற ஆட்டோமேட்டிக் காரின் பின்னால் வெள்ளை ரிவர்ஸ் விளக்கு கண் சிமிட்டுகிற மாதிரி வந்து போனால், கிளம்பப் போகிறது என்று எடுத்துக்கொள்வேன். கியரை முன்னால் போகிற நிலைக்குத் தள்ளும்போது அது ரிவர்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். நீளமான லாரி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்த இடைவெளியில் நுழையவே மாட்டேன். திரும்ப இடம் போதாமல் எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருப்பார். பின் சக்கரம் அந்த இடைவெளியைத்தான் தேடி வரும்.

இவ்வளவும் தெரிந்த நான் போன மாதம் என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம், ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. முன்னே ஒரு கிளைச் சாலையின் வாயில் ஸ்கூட்டரில் ஒரு அம்மா நின்றிருந்தார். வழி விடுகிறேன் என்று தெரிந்தும் ஏன் கிளம்பாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் நான் வழியே விடவில்லை, வேகமும் குறைக்கவில்லை என்பது உறைத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை அல்ல, முன் டயரை. பக்கத்தில் போகும்போது கையைத் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டினார்.

ரேடியோவைக் குறைத்தேன். டிக், டிக், டிக்.