பேத்தியின் பட்டியலும் என் தூக்குக்குண்டும்

மே 24, சனி

மகளும் பேத்தியும் இன்று என்னைக் கொழும்புத் தாமரைக் கோபுரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த நாளிலிருந்து "போவோம், போவோம்" என்று தள்ளிப்போட்டு வந்தது ஒருவழியாகக் கைகூடிவிட்டது. 350 மீற்றர். இழுகம்பிகளின் துணையில்லாமல் தன் காலிலேயே நிற்கும் கட்டுமானங்களில் தெற்காசியாவிலேயே உயரமானது. மேலே நின்றால் பேரை வாவி ஒரு தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போல் தெரிகிறது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், புறக்கோட்டைக் கூரைகள், அதற்கப்பால் முழுக்கக் கடல்.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது. கையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். அட்டையில் "உலகத்தில் மிக" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உள்ளே மிக உயரமான இடம், மிகக் குளிரான இடம், மிகத் தொலைவான இடம் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். பெரியவளானதும் எல்லாவற்றுக்கும் போவாளாம். முதல் பக்கத்தில் துபாயின் புர்ஜ் கலீபா, 828 மீற்றர்.

கீழே இறங்கும்போது கேட்டாள்: "அம்மப்பா, 350 மீற்றரை எங்கேயிருந்து அளந்தார்கள்?"

34 வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் முழு வழியும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

மே 25, ஞாயிறு

காலையிலேயே கொப்பியோடு வந்துவிட்டாள். உலகத்தின் மிக உயர்ந்த மலை எது என்று கேட்டேன். "எவரெஸ்ட், 8,848.86 மீற்றர்" என்றாள். சரியான விடை. சீனாவும் நேபாளமும் சேர்ந்து 2020 டிசெம்பரில் அறிவித்த உயரம் அது.

மனைவி பழச்சாறு பிழிய வைத்திருந்த தோடம்பழம் ஒன்றை எடுத்து, மேலும் கீழும் உள்ளங்கையால் மெல்ல அமுக்கிக் காட்டினேன். பூமியும் இப்படித்தான், இடுப்பில் சற்றுப் பருத்திருக்கிறது. மையத்திலிருந்து துருவத்துக்கு உள்ள தூரத்தைவிட, மையத்திலிருந்து மத்தியகோட்டுக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர் அதிகம். ஈக்குவடோர் நாட்டின் சிம்போராசோ மலை கடல் மட்டத்திலிருந்து 6,263 மீற்றர்தான். ஆனால் அது மத்தியகோட்டுக்குப் பக்கத்தில், அந்தப் பருத்த இடுப்பின் மேல் நிற்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி எவரெஸ்டின் உச்சியைவிட இரண்டு கிலோமீற்றர் அதிகத் தொலைவில் இருக்கிறது. கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தாலோ ஹவாயின் மௌனா கியா 10,000 மீற்றரைத் தாண்டிவிடும்.

"அப்படியானால் நான் எதை எழுதுவது?" என்றாள். மூன்றையும் எழுது, எங்கிருந்து அளந்தது என்பதைப் பக்கத்தில் எழுது என்றேன்.

அலுமாரியைத் திறந்து, நூலில் தொங்கவிட்டு நேர் கீழ்த் திசையைப் பார்க்கும் என் பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தேன். கழுத்தில் சுற்றிய நூல் பழுப்பேறிவிட்டது. கூர்முனையில் ஒரு சிறு நசுங்கல், ஹப்புத்தளையில் ஒரு பாறையில் விழுந்தது. எவரெஸ்டை அந்தக் காலத்தில் அளந்த பிரித்தானிய இந்திய நில அளவையாளர்களும் இப்படி ஒரு குண்டை நம்பித்தான் வேலை செய்தார்கள். நேபாளத்துக்குள் அனுமதி கிடைக்காததால் 150 கிலோமீற்றருக்கும் அப்பால் சமவெளியில் நின்று கோணம் எடுத்தார்கள். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணிதர் கணக்குப் போட, 1856 இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவிலிருந்து முப்பது அடிகூட விலகாத கணக்கு! அதுவும் எப்படிப்பட்ட நிலைமையில்? இமயமலை தன் பாரத்தால் தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்கும். நேர் கீழே என்று நூல் காட்டும் திசையே அங்கே சற்றுப் பிழை. அந்த மனிதர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மே 28, புதன்

இரவு முழுக்க மழை. நேர்ச்சுவர் உள்ள ஒரு பால்மாப் பேணியை நேற்று மாலை மொட்டை மாடியில் வைத்திருந்தேன். விடிந்ததும் பேத்தி அடிமட்டத்தை விட்டுப் பார்த்தாள்: 61 மில்லிமீற்றர். கொழும்பில் ஒரு வருடத்தில் பெய்வது 2,400 மில்லிமீற்றர் அளவில். மேகாலயாவின் மௌசின்ராமில் சராசரியாக ஏறத்தாழ 11,870. வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று வங்காளதேசத்தின் தட்டையான நிலத்தைத் தடையின்றிக் கடந்துவந்து, மேகாலயாவின் காசி மலைச்சுவரில் மோதி, அப்படியே மேலெழும்பிக் கொட்டுகிறது. பக்கத்துச் சிரபுஞ்சியில் 1860 ஓகஸ்டிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் 26,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்திருக்கிறது. எங்கள் மாடி வீட்டை மூன்று தடவை மூழ்கடிக்கும்.

அங்கே வயலில் வேலை செய்பவர்கள் மூங்கிலாலும் இலையாலும் பின்னிய, ஆமை ஓடு போன்ற ஒரு மறைப்பை முதுகில் கவிழ்த்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். அதே சிரபுஞ்சியில் மாரி முடிந்தால் குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள் என்றதும் பேத்தி நம்பவில்லை. பெய்ததெல்லாம் சரிவில் ஓடிவிடுகிறது, தங்குவதில்லை.

மே 30, வெள்ளி

பேணியில் 4 மில்லிமீற்றர். முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

"மிக உயரத்தில் உள்ள ஊர்" என்ற பக்கத்தில் பெரு நாட்டின் லா ரின்கொனாடா என்று எழுதியிருக்கிறாள். ஏறத்தாழ 5,100 மீற்றர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் பல்லாயிரம் பேர் குடியிருக்கிறார்கள்.

இளவயதில் மலைநாட்டுப் பட்டிப்பொலவில் முகாம் போட்டிருந்தோம். 1,900 மீற்றருக்குக்கூடக் குறைவுதான். உயரம் அளக்கும் மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தால் முதல் இரண்டு நாளும் மூச்சு முட்டும். லா ரின்கொனாடாவிலோ ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவுதான். அந்தக் காற்றில் அவர்கள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். பலருக்குச் சம்பளமே கிடையாது. மாதம் முழுக்க முதலாளிக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் தம் தோளில் சுமக்கக்கூடிய பாறையைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாம். அதில் தங்கம் இருந்தால் கூலி. இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

சுற்றுலாப் பட்டியல்களில் இந்த ஊரின் பெயர் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. பேத்தியிடமும் சொன்னேன். அவள் பெயரை அழிக்கவில்லை. கீழே "இங்கே போனால் படம் எடுக்கக்கூடாது" என்று எழுதிக்கொண்டாள்.

ஜூன் 4, புதன்

மிகத் தொலைவான ஊர்: தென் அத்திலாந்திக்கில் டிரிஸ்டன் டா குன்யா. 250 பேர்கூட இல்லை. மனிதர் வாழும் அடுத்த தீவான சென் ஹெலினாவுக்கே 2,400 கிலோமீற்றர். விமானத் தளம் இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் செல்லும்.

1961 இல் எரிமலை வெடித்து, தீவு முழுவதையும் வெறுமையாக்கி எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீடு, வேலை, மின்சாரம் எல்லாம் இருந்தன. ஆனாலும் திரும்புவதா என்று வாக்கெடுத்தபோது பெரும்பாலோர் ஊருக்கே போகிறோம் என்றார்கள். 1963 இல் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லும்போது என் குரல் கம்மிவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, எழுபது வயதில் அம்மா நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்கு நடந்தார். நான் கொழும்பில் இருந்தேன். மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. அதன் பிறகு பல வருடம் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. அனுமதிப் பத்திரம் எடுத்து, திருகோணமலையில் நாள்கணக்காகக் காத்திருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போவோம். கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர்கூட இல்லை. கேப் டவுனிலிருந்து அந்தத் தீவுக்குப் போகிறவன் என்னைவிட முந்திப் போய்ச் சேர்ந்திருப்பான்.

அம்மாவும் திரும்பித்தான் போனார். கூரை இல்லாத வீட்டுக்கு.

ஜூன் 8, ஞாயிறு

மழை விட்டது. மாலையில் காலிமுகத்திடல். இறால் வடைக்கு வரிசையில் நின்றபோது, இன்று உனக்கு ஒரு பெரிய சாதனை இடத்தைக் காட்டப்போகிறேன் என்றேன். எங்கே என்றாள். தெற்கே கடலைக் காட்டினேன்.

இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில், பூமியின் ஈர்ப்புக்கு ஏற்பக் கடல் மட்டம் உலகத்திலேயே ஆகக் கூடுதலாகத் தாழ்ந்திருக்கிறது. கணக்குக்காக நாம் வைத்திருக்கும் ஒழுங்கான, அந்தத் தோடம்பழம்போல் அமுங்கிய கோளத்தைவிட 106 மீற்றர் கீழே. தாமரைக் கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 1948 இல் வெனிங் மெயினெஸ் என்ற ஒல்லாந்த ஆய்வாளர் கண்டறிந்தார். பூமியின் ஆழத்தில் அந்தப் பகுதியில் பாரம் குறைவு, அதனால் இழுப்பும் குறைவு, தண்ணீர் வேறு பக்கம் விலகிக்கொள்கிறது. சரிவு இந்தக் கரைவரைக்கும் வருகிறது. செய்மதி வழியாக இடமும் உயரமும் காட்டும் கருவி எங்கள் கைக்கு வந்த புதிதில், கடற்கரையில் வைத்து உயரம் பார்த்தபோது 90 மீற்றருக்கு மேல் கழித்தல் காட்டியது. பழுதென்று பெட்டியில் போடப் போனார் ஓர் இளைஞர். கருவி சரி, தம்பி, கடல்தான் இங்கே பள்ளம் என்று விளக்கியது நேற்றுப்போல் இருக்கிறது.

"கப்பல் அதற்குள் இறங்கும்போது ஆட்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அங்கேயும் தண்ணீர் தூக்குக்குண்டின் நூலுக்குச் செங்குத்தாகத்தான் நிற்கும். மேலிருந்து கீழே இறங்குகிறோம் என்று எந்தப் பாத்திரத்துத் தண்ணீரும் சாயாது.

அவள் பையிலிருந்து என் தூக்குக்குண்டை எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவேயில்லை. நூலைப் பிடித்துத் தொங்கவிட்டாள். கடற்காற்று அதை அலைக்கழித்தது. நான் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினேன். மகள் தன் குடையை விரித்து மறுபக்கம் மறைத்தாள். எங்கள் மூவருக்கும் நடுவில் குண்டு சுழன்று, வட்டம் சிறுத்து, மெல்ல நின்றது. பேத்தி மூச்சைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வடை ஆறிவிட்டது.