நியமன ஆணை எண்

ஒரு வாரமாக எங்கள் சங்கத்துக்கான படிவம் பீரோ மேலே கிடக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், ரத்த வகை வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ‘பணிபுரியும் நிறுவனம்’, ‘நியமன ஆணை எண்’ என்று இரண்டு கட்டங்கள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு செய்தி சேனலுக்கு நான் ஸ்ட்ரிங்கர். கேமரா என்னுடையது. ட்ரைபாட், பைக், பெட்ரோல், மழைக்கோட்டு எல்லாம் என் காசு. மைக்கில் மாட்டும் லோகோ கட்டை ஒன்றுதான் அவர்களுடையது. அதையும் கூரியர் ஆபீஸில் நான் பணம் கட்டித்தான் எடுத்து வந்தேன். சம்பளம் கிடையாது. செய்தி ஒளிபரப்பானால் இவ்வளவு என்று ஒரு ரேட். நாள் முழுக்க மழையில் நின்று எடுத்தது டிவியில் வராவிட்டால் ஒன்றும் இல்லை. நியமன ஆணை என்று ஒரு காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அப்பா பார்த்திருக்கிறார். ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் அவருக்கு வேலை. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம் அது. நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் போனது இங்கிருந்துதான். ஃபிலிமில் ரசாயனம் பூசும் இடத்தில் வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ். அதனால் ஷிஃப்ட் முழுக்க இருட்டு. எதிரே வருகிறவரை இருமலை வைத்தே கண்டுபிடிப்பார்களாம். வெளியே வந்ததும் கேட் மீட்டிங். சிவப்புத் துண்டு, கொடி, தேநீர், அப்புறம் கோஷம். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து நானும் ‘வாழ்க’ சொல்லியிருக்கிறேன். இன்று அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. அப்பா ஃபிலிம் செய்தார், மகன் படம் எடுக்கிறான் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். ‘உன் கேமராவில் ஃபிலிமே இல்லையேடா’ என்பார்.

நாங்கள் ஸ்ட்ரிங்கர்கள் சங்கம் வைக்கப் போகிறோம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: ‘எதிர்த் தரப்பு யாரு?’

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு ‘நிர்வாகம்’ என்று ஒரு கட்டடம் இருந்தது. அதன் வாசலில் போய் நிற்கலாம். எங்களுக்கு இருப்பது சென்னையில் செய்தி கேட்டு வாங்கும் அசைன்மென்ட் டெஸ்க் என்ற ஒரு போன் நம்பர். அதை எடுக்கும் பையனுக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று அவனே ஒருநாள் புலம்பினான்.

பத்திரிகைக்காரர்களுக்கு 1955-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சம்பளக் குழு, வேலை நேரம், விடுப்பு எல்லாம் அதில் இருந்தன. அப்படி ஒரு சம்பளக் குழுவான மஜீதியா குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் உறுதிசெய்தபோது பத்திரிகை நண்பர்கள் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்த டீ மட்டும்தான். அந்தச் சட்டத்தில் டிவிக்கு இடமே இல்லை. இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகம், டிஜிட்டல் ஊடகத்தில் இருப்பவர்களும் பத்திரிகையாளர்தான் என்று சேர்த்திருக்கிறார்கள். முழு நேரமானாலும் பகுதி நேரமானாலும் சரி. அந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் வந்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சொல்லில் விரலை வைத்தார். ‘பணியமர்த்தப்பட்ட.’ பகுதி நேரம் என்றாலும் யாராவது பணியில் அமர்த்தியிருக்க வேண்டும். முப்பது வருடம் சங்கத்தில் இருந்தவர் கண், எங்கே இடிக்கும் என்று தெரிகிறது.

சங்கம் என்று எங்களுக்கு இதுவரை இருந்தது வாட்ஸ்அப் குழுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர் 8 மதியம் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தபோது, ஒரே மூடுபனி. முதலில் போய்ச் சேர்ந்தவன் எடுத்ததைக் குழுவில் போட்டான். எந்த லோகோ, யாருடைய சேனல் என்று யாரும் பார்க்கவில்லை. டவர் கிடைக்கும் இடத்துக்கு ஒருவன் ஓடுவான், இன்னொருவன் பெயர் விவரம் கேட்பான், மூன்றாமவன் எல்லோருக்கும் பேட்டரி வாங்கி வருவான். உலகம் முழுக்க ஓடிய செய்தி அது. எனக்கு வந்தது வழக்கமான ஒரு செய்தியின் ரேட்.

அந்த ரேட்டையும் 2023-இல் குறைத்தார்கள். இருநூற்றைம்பது நூற்றைம்பதானது. ஒரே சேனல் அல்ல, ஒன்றைப் பார்த்து ஒன்று. மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். சென்னைக்கு நீலகிரி ஞாபகம் வருவதே அப்போதுதான். மூன்று நாள் ஒருவரும் விஷுவல் அனுப்புவதில்லை என்று குழுவில் முடிவெடுத்தோம். முதல் நாள் டெஸ்க் கதறியது. பழைய வருடத்துப் பூவையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள்.

இரண்டாம் நாள் மாலை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் சாலை நடுவே குட்டியோடு யானை. பலாப்பழ சீசனில் அங்கே இது புதிதில்லை. ஆனால் குட்டி, விழுந்து கிடந்த பலாப்பழம் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டு நடந்தது. நாற்பது வினாடி எடுத்தேன். பையனுக்குப் பள்ளிக் கட்டணம் ஜூன் முதல் வாரத்துக்குள் கட்ட வேண்டும். அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் பிரேக்கிங். மற்ற டெஸ்க்குகள் மற்றவர்களைப் பிடித்து உலுக்கின. ‘அவன் கொடுத்துட்டான், உங்களுது எங்கே?’ இரவுக்குள் மூன்று பேர் பூச்செடி விஷுவலும் அனுப்பிவிட்டார்கள். போராட்டம் அத்தோடு முடிந்தது. ரேட் இன்றும் நூற்றைம்பதுதான்.

அப்பாவிடம் மறைக்கவில்லை. சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், ‘எங்க காலத்துல இதுக்குப் பேரு கருங்காலி’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமானின் பெயர் கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். மறுநாள் காலையில் பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்டார்.

ஊட்டியில் ஒரு நண்பன், குழுவில் எல்லோருக்கும் மூத்தவன், அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. ஸ்பாட்டில் பார்த்தால் ட்ரைபாடைத் தள்ளி வைத்துக்கொள்வான். அவன்தான் போன வாரம் வீடு தேடி வந்து இந்தப் படிவத்தைக் கொடுத்தான். பத்திரிகை ஊழியர் சங்கம் ஒன்றின் பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கட்டங்கள். தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் ஏழு பேராவது கையெழுத்துப் போட வேண்டும். அவனிடம் ஆறு இருக்கிறது. என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வரவில்லை. அப்பாவுக்கும் அவனுக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சந்தா எவ்வளவு வைக்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

‘பணியில் சேர்ந்த நாள்’ கட்டத்தில் 2009 நவம்பர் 10 என்று எழுதிவிட்டேன். 40 பேருக்கு மேல் இறந்துபோன அந்த மழையில், கேத்தி பக்கம் அச்சனக்கல் மண்சரிவை எடுத்து அனுப்பியதுதான் என் முதல் செய்தி. நிறுவனம், ஆணை எண் இரண்டும் இன்னும் காலி.

நேற்று இரவு குழுவில் அவன் போட்ட செய்தி: ‘ஞாயிறு காலை 10 மணி, குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை. யானை வந்தாலும் வர வேண்டும்.’

எல்லோரும் கட்டை விரல் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன், கொஞ்சம் தாமதமாக.