ஒரே வீட்டில் மூன்று பிரஷர் மாத்திரைகள்

2024 மார்ச் 4

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் பல் மருத்துவர் முதலில் பிரஷர் பார்த்தார். 172/100. பல்லைத் தொடாமல், பொது மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். மாலையில் எங்கள் குடும்ப மருத்துவர் இரண்டு கைகளிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தபோது 164/96 என்று இருந்தது. வலியாலும் பயத்தாலும் ஏறியிருக்கலாம் என்பதால் இன்றே மாத்திரை எழுதப்போவதில்லை என்றும், 180/110ஐத் தாண்டியிருந்தால் இப்படிக் காத்திருக்க முடியாது என்றும் சொன்னார். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை பார்த்து எழுதிவர வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து, இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். என் அழுத்தம் எவ்வளவு என்பதை மட்டும் ஐம்பத்தொன்பது வயதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மார்ச் 11

கழிவறைக்குப் போய்வந்து, காபி குடித்து அரை மணி நேரமான பிறகு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சுக்கு நேராக மேசைமேல் வைத்துப் பார்த்த கணக்கு இது. முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள்களின் சராசரி 154/93. வீட்டில் பார்க்கும்போது 135/85ஐ எட்டினாலே அது உயர் அழுத்தம்தான் என்பதால் இனி ஐயத்துக்கு இடமில்லை. இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ஓர் இ.சி.ஜி. ஆகியவற்றையும் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கின்றன.

மருத்துவர் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார். என் கணவர் சில மாதங்களாக எனலாப்ரில் சாப்பிடுகிறார், வீட்டிலேயே அட்டை இருக்கிறது, அதையே நானும் சாப்பிடலாமே என்று கேட்டேன். கேட்டது நல்லதாயிற்று. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதமும் கசிகிறது. சிறுநீரக வடிப்பானிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்குழாயை எனலாப்ரில் தளர்த்துவதால் வடிப்பானுக்குள் இருக்கும் அழுத்தம் இறங்குகிறது, கசிவும் குறைகிறது. அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரகத்தைக் காப்பதும் அவருக்கு அந்த மாத்திரை செய்யும் வேலை. எனக்கு அந்தத் தேவை இல்லை. ஆம்லோடிபின், இரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயை விரியவைக்கிறது.

மார்ச் 16

ஐந்து நாளாகியும் 148க்குக் கீழே வரவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று தொலைபேசியில் கேட்டேன். ஆம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிட்டு வந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில்தான் அதன் அளவு இரத்தத்தில் நிலைபெறும். முழுப் பலனை எடைபோட இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும் என்றார். ஒரு வேளை மறந்துவிட்டாலும் அழுத்தம் சட்டென்று எகிறாமல் தாங்குவதும் இந்த மெதுவான குணத்தால்தான்.

ஏப்ரல் 9

அழுத்தம் 138/84க்கு வந்துவிட்டது. ஆனால் கால் வீங்குகிறது. காலையில் தளர்வாக ஆடும் கொலுசு, மாலையில் கணுக்காலைக் கவ்வி நிற்கிறது; கழற்றினால் அதன் மணிகளின் வரிசை அப்படியே தோலில் பதிந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமாகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது நீர் கோத்த கால் டீச்சர், நீர் மாத்திரை ரெண்டு போட்டா வத்திரும்" என்றார். கேட்டால் மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் மருத்துவரிடமே போனேன். உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் இல்லை இது. ஆம்லோடிபின் தமனிக் கிளைகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. வரும் வழி அகன்று, போகும் வழி அப்படியே இருக்கும்போது, இடையிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து சுற்றியுள்ள சதையில் இறங்குகிறது. அதனால் நீர் மாத்திரை இந்த வீக்கத்தை வற்றவைக்காது. ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு நோய் என்று எண்ணி அதற்கும் ஒரு மாத்திரை, அந்த மாத்திரையின் விளைவுக்கு மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும் வீடுகளை நான் அறிவேன். அந்த வழியில் காலெடுத்து வைக்காமல் தப்பித்தேன்.

ஆம்லோடிபினை 2.5 ஆகக் குறைத்து, டெல்மிசார்டன் 40 சேர்த்திருக்கிறார். இது சிரைகளையும் ஓரளவு தளர்த்துவதால் வீக்கம் தணியுமாம். இரண்டாவது மாத்திரை வந்துவிட்டதே, நோய் முற்றிவிட்டதோ என்ற கலக்கம் எனக்கு இருந்தது. அப்படி இல்லையாம். ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது, பக்கவிளைவோ பெரிது. வேறு வழியில் வேலை செய்யும் இரண்டைக் குறைந்த அளவில் சேர்த்தால் பலன் பெரிது. அழுத்தம் கட்டுக்குள் வரப் பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தேவைப்படுகிறது என்பதும் பெரிய ஆய்வுகளில் கண்டதுதான்.

ஏப்ரல் 24

கொலுசு தளர்ந்துவிட்டது. டெல்மிசார்டன் தொடங்கி இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார். பொட்டாசியம் 4.4இலிருந்து 4.7, கிரியாட்டினின் மாறவில்லை. இந்த மருந்து பொட்டாசியத்தை உடம்பில் தேக்கக்கூடியது என்பதால், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டலத்தை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றார். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கும். இந்துப்புக்கு மாறினால் அழுத்தம் வராது என்று உறவினர் வீடுகளில் நம்புகிறார்கள். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் வீட்டுச் சாம்பாரில் குறைத்தாயிற்று. ஊறுகாயும் அப்பளமும் வடகமும்தான் மிச்சம்.

மே 3

கணவரின் இருமல் ஐந்தாவது மாதத்தில் நிற்கிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்தால் தொண்டையில் கூசி எழுப்பிவிடும் வறட்டு இருமல். நெஞ்சுப் படம் எடுத்தோம், டானிக் மூன்று வகை மாற்றினோம், ஆடாதோடைக் கஷாயம் வைத்தேன். எனலாப்ரில் தொடங்கியதும் டிசம்பரில்தான், இருமல் தொடங்கியதும் டிசம்பரில்தான் என்பது, என் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவருடைய மருந்துகளைத் தேதியோடு எழுத உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது.

மருத்துவர் உடனே ஒப்புக்கொண்டு, அவருக்கும் டெல்மிசார்டனாக மாற்றிவிட்டார். சிறுநீரகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இதிலும் உண்டு. இருமல் வருவது அரிது. இரண்டையும் ஒருசேரத் தருவதில்லை. எனலாப்ரிலின் உறவான ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதில் கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகக் கேடுதான் கூடியது.

இந்த இருமலின் கதை என்னை இரண்டு நாளாக விடவில்லை. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சரிந்துவிடும். செர்ஜியோ ஃபெரைரா என்ற அந்நாட்டு அறிவியலாளர், அதன் நஞ்சில் இருக்கும் ஒரு பொருள், உடம்பில் இயல்பாகச் சுரந்து இரத்தக்குழாயை விரிக்கும் பிராடிகினின் சிதையாமல் தடுத்து அதன் வீரியத்தைக் கூட்டுகிறது என்று 1960களில் கண்டார். அந்த வழியே போய்த்தான் கேப்டோப்ரில் உருவாகி 1981இல் மருந்தாக வந்தது; எனலாப்ரில் அதன் தம்பி. சிதையாமல் தேங்கும் அதே பிராடிகினின்தான் நுரையீரலில் கூச்சத்தை உண்டாக்கி இருமவைக்கிறது என்கிறார்கள். நம் நாட்டிலும் சர்ப்பகந்தி வேரை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் உயர் அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். வகுப்பில் இதையெல்லாம் சொல்லாமல் விட்டேனே என்று இருக்கிறது.

மே 27

இருமல் நின்றுவிட்டது. கணவர் முழு இரவும் உறங்குகிறார்.

ஜூன் 19

நான்கு நாளாக என் அழுத்தம் 150ஐத் தொடுகிறது. மாத்திரை தவறவில்லை, உப்பும் கூடவில்லை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறேன் என்பதை மருத்துவர் கேட்ட பிறகுதான் சொன்னேன். வலி மாத்திரையை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. இவ்வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவதோடு, டெல்மிசார்டனோடு சேரும்போது சிறுநீரகத்தையும் வருத்தும். நிறுத்தி, தேய்க்கும் களிம்புக்கு மாறியிருக்கிறேன். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு பிரஷர் மாத்திரை ஏறியிருக்கும்.

ஆகஸ்ட் 22

மாமியாருக்கு வயது எண்பத்து மூன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டம் இல்லையென்றால், படியிறங்கவே முடியாத அவருக்கு மாதந்தோறும் மருந்து தவறாமல் கிடைத்திருக்காது. சென்ற மாதம் மைத்துனர் வீட்டில் இருந்தபோது அங்கே ஒரு மருத்துவமனையில் குளோர்தாலிடோன் என்னும் நீர் மாத்திரையையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் இரத்தம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நேற்று விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, பால் கறந்தாயிற்றா என்று கேட்டார். மாட்டை விற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு நடை தடுமாறி, பேச்சு குழறியபோது பக்கவாதமோ என்று பதறி ஓடினோம். சோடியம் 124; இருக்க வேண்டியது 135க்கு மேல். நீர் மாத்திரை சிறுநீர் வழியே சோடியத்தை வெளியேற்ற, அவரோ உப்பில்லாக் கஞ்சியும் வெந்நீரும் மட்டுமே குடித்துக் கிடந்திருக்கிறார். எங்கள் இருவருக்காகக் குறைத்த உப்பை அவர் தட்டிலும் அதே அளவுக்குக் குறைத்தவள் நான்தான்.

ஆகஸ்ட் 25

வீடு திரும்பிவிட்டார். இழந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு என்பதால் மூன்று நாள் மெதுவாகச் சரிசெய்தார்கள். என்னை "என்னம்மா, இளைச்சுட்டே" என்று கேட்டபோது எனக்கு உயிர் வந்தது.

அந்த மாத்திரையின்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 33,357 பேரிடம், குளோர்தாலிடோனை ஆம்லோடிபின், லிசினோப்ரில் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். விலை குறைந்த அந்தப் பழைய மருந்து எதற்கும் பின்தங்கவில்லை, இதயம் தளர்ந்துபோவதைத் தடுப்பதில் மேலாகவே நின்றது. நல்ல மருந்துதான். மெலிந்த மூதாட்டிக்கு, சோடியம் பார்க்காமல் கொடுத்துவிட்டு அனுப்பக் கூடாத மருந்து. இப்போது அவருக்கு ஆம்லோடிபின் மட்டும். உட்கார்ந்து பார்த்தால் 144, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 132. நிற்கும்போது 20க்கு மேல் சரியாததால் இது போதும் என்றும், எங்களுக்கு வைத்த 130 என்ற இலக்கை அவரிடம் எதிர்பார்த்து விழவைக்க வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

அக்டோபர் 2

மாத்திரையைக் காலையில் சாப்பிடுவதா இரவிலா என்று கணவர் கேட்டார். பிரிட்டனில் 21,104 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் வேறுபாடு இல்லை. மறக்காத நேரமே நல்ல நேரம் என்பதால், எங்கள் மூவரின் அட்டைகளும் காலைக் காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில் மூன்று தனித்தனி டப்பாக்களில், பெயர் எழுதி இருக்கின்றன.

நவம்பர் 17

பக்கத்து வீட்டு அக்காவின் மகள், ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரவு எட்டு மணிக்கு அக்கா வந்தார். மகளுக்குத் தலைவலி, அவசரத்துக்கு என் மாத்திரையில் இரண்டு வேண்டும் என்றார். என் கருவியில் பார்த்தபோது 152/98.

டெல்மிசார்டன் அட்டை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் அழுத்தத்தைக் காக்கும் அந்த மாத்திரை, வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரையே குறைத்துவிடக்கூடியது. கணவர் விட்ட எனலாப்ரிலும் அப்படியே. "கொடுக்க மாட்டேன் அக்கா, ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. கர்ப்பகாலத்தில் தலைவலியோடு அழுத்தம் ஏறுவது தனியான ஆபத்து என்பதை வண்டியில்தான் விளக்கினேன். அரசு மருத்துவமனையில் சிறுநீரில் புரதம் பார்த்து, லேபட்டலால் என்னும் பிரஷர் மருந்தைக் கொடுத்து, இரவு முழுவதும் வைத்திருந்தார்கள்.

நவம்பர் 21

சிறுநீரில் புரதம் இல்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாக இருப்பதால் அனுப்பிவிட்டார்கள். வாரம் இருமுறை போய்க் காட்ட வேண்டும். வீட்டிலும் காலை மாலை பார்க்க வேண்டும். இன்று காலை அவளே என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, பாதங்கள் தரையில் பதிகின்றனவா என்று பார்த்து, கையை மேசைமேல் வைத்தேன். பேசாதே, ஐந்து நிமிடம் ஆகட்டும் என்றேன். பட்டையில் காற்று ஏறும்போது கை லேசாக அசைய, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. 136/86. புதுக் குறிப்பேட்டின் முதல் வரியில் தேதி, நேரம், எண், மாத்திரையின் பெயர் நான்கையும் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன்.