நாலு மீட்டர் கணக்கு

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு சின்ன விசைத்தறிப் பட்டறையில் சரக்கு அனுப்பும் வேலையில் சில வருடம் இருந்தேன். காயத்துக்கு வைத்துக் கட்டும் காஸ் துணிதான் அதிகம் ஓடும். சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ் கொஞ்சம்தான். ஆனால் எனக்கு வந்த தலைவலியெல்லாம் அந்தக் கொஞ்சத்தில்தான்.

சேர்ந்த புதிதில் மதுரையிலிருந்து மருந்து மொத்த வியாபாரி ஒருவர் போன் செய்தார். "என்ன தம்பி, அட்டையில 4 மீட்டர்னு போட்டிருக்கு, அளந்தா ரெண்டேகால்தான் வருது?" எனக்கு வியர்த்துவிட்டது. கத்தரித்தவர்கள்தான் தப்பு செய்துவிட்டார்கள் என்று மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் ஒரு ரோலைப் பிரித்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தார். டேப்பில் சரியாக 4 மீட்டர். அட்டையில் இருப்பது இழுத்த நீளம். அதுவும் பொடி எழுத்தில் இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்!

அசல் பருத்திக் கிரேப்பில் ரப்பரே கிடையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை வழக்கத்தைவிட அதிகமாக முறுக்கிவிடுவார்கள். இடமுறுக்கு நூலும் வலமுறுக்கு நூலும் மாறி மாறி ஓட வேண்டும், இல்லையென்றால் துணி ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். தறியிலிருந்து இறங்கும்போது சாதாரணத் துணிதான். தண்ணீரில் போட்டதும் முறுக்கு முழித்துக்கொண்டு, பார்க்கும்போதே துணி சுருங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

காஸ் துணியில் வேறு மாதிரி வழக்கு: "இன்னும் வெள்ளையா வேணும்." சட்டைத் துணியை வெள்ளையாகக் காட்டப் போடும் பளபளப்பு மருந்தை இதில் சேர்க்கக் கூடாது; புற ஊதா விளக்கடியில் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் பார்ப்பது, தண்ணீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்குகிறதா என்பதைத்தான். நெய்வதற்காக நூலில் ஏற்றிய கஞ்சி சரியாகப் போகாத துணி மிதக்கும். மிதக்கிற துணி ரத்தத்தை எங்கே உறிஞ்சப்போகிறது?

எங்கள் தெருக் கபடிப் பையன் ஒருநாள் கணுக்கால் வீங்கி வந்தான். பேண்டேஜை முழு இழுப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தான். விரல்கள் ஜில்லென்று இருந்தன. அவிழ்த்து, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி, பாதி இழுப்பில், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைப் பாதி மூடும்படி கட்டிவிட்டேன். விரல் நுனி வெளியே தெரியட்டும், மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடு என்றேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் வந்தான். "அண்ணே, இது லூசாயிடுச்சு, வேற குடுங்க." துவைத்தாயா என்றேன். துவைச்சா கெட்டுப்போயிடும்னு துவைக்கவே இல்லையாம். வாங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் திண்ணை நிழலில் விரித்துப் போட்டேன். சாயங்காலம் அவன் எடுக்க வந்தபோது, "பாதியா வெட்டிட்டீங்களாண்ணே?" என்றான்.