மாமா போட்ட மனு

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. மாமா மலையிலிருந்து இறங்கி வந்தவர், கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "ஏம்மா, ஒருத்தன்கிட்ட மூணு தடவை மரியாதையா எழுதிக் கேட்டும் தபாலை நிறுத்தாம இருப்பானா?"

மாமா என்றால் என் கணவரின் அப்பா. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் 2 ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஓட்டு வீடு. 1971இல் தபால் துறையில் சேர்ந்து 2009இல் ஓய்வு பெற்றவர். நான் கீழே சேலம் செவ்வாய்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கலெக்டர் ஆபீஸ் மனு, பயோடேட்டா என்று நாள் முழுக்கத் தட்டச்சு. இரண்டு பக்கமும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என்பதால் தட்டுகிற சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் பேச்சு எப்போதும்.

விஷயம் இதுதான். அவர் ஓர் அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் குழுவில் இருக்கிறார். மின்னஞ்சல் வழியாக நடக்கிற குழு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். பல நாடுகளில் பல நூறு பேர். சாதாரணமாக ஒரு நாளைக்கு 20 மெயில், விவாதம் சூடு பிடித்தால் 60. டிசம்பர் வந்தால் காபிப் பழம் பறிக்கிற வேலை. காலையில் ஆள் சேர்க்க வேண்டும், மாலையில் எடை போட வேண்டும். போனை எடுத்தாலே மெயில் குவிந்து கிடக்கிறது, மகன் அனுப்புகிற முக்கியமான கடிதம் அதில் தொலைந்து போகிறது. அதனால் "தயவுசெய்து எனக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்" என்று எழுதினார். நிற்கவில்லை. இன்னும் பணிவாக எழுதினார். மூன்றாவது தடவை, தான் ஓய்வு பெற்ற தபால் ஊழியர், வயது 76 என்பதையும் சேர்த்து எழுதினார்.

அதற்கு முன்பின் தெரியாத ஒருவர் கொஞ்சம் கடுமையாகப் பதில் போட்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் "என்னையும் நீக்குங்கள்" என்று பின்பாட்டு. மாமா அதை எடுத்துக் காட்டியபோது கை லேசாக நடுங்கியது. தபால் விஷயத்தில் அவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"மாமா, நீங்க எழுதினது நிறுத்துற இடத்துக்கே போகல. குழுவுல இருக்கற எல்லாருக்கும் போயிருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ போஸ்ட்மாஸ்டருக்குப் போட வேண்டிய மனுவை ஊர்ல இருக்கற வீடு வீடா போட்டுட்டு வந்துட்டனா?" என்றார்.

இதைவிடத் தெளிவாக நான் எந்த விளக்கத்தையும் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இந்தத் தவறைச் செய்கிறவர்கள் ஏராளம், படித்தவர்கள், கணினி வேலையில் இருப்பவர்கள் உட்பட. அவர்கள் மேல் எரிந்து விழுகிறவர்களும் ஏராளம். சொல்லிக் கொடுக்க ஆகிற நேரமோ ஒரு டீ குடிக்கிற நேரம்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு முகவரி உண்டு. ஒன்று எல்லோருக்கும் போவது. இன்னொன்று நிர்வாகத்துக்குப் போவது. பெரும்பாலும் குழுவின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடு போட்டு 'ரிக்வெஸ்ட்' என்று சேர்த்தால் அதுதான் நிர்வாக முகவரி. இணையத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம் இது. அப்போது அந்த முகவரிக்கு வருகிற கடிதத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து, கையால் பெயரைச் சேர்ப்பார், அடிப்பார். 1986இல் பாரிஸில் எரிக் தாமஸ் என்ற மாணவர் லிஸ்ட்செர்வ் என்ற நிரலை எழுதி அந்த வேலையைக் கணினிக்கு மாற்றினார். 1992இல் அதே வேலைக்கு மேஜர்டோமோ என்ற நிரல் வந்தது. பெரிய வீட்டின் நிர்வாகி என்று அர்த்தம். ஏற்காட்டு எஸ்டேட் பாஷையில் சொன்னால் கணக்குப்பிள்ளை. அதற்குப் பின் மெயில்மேன். மாமாவின் குழு ஓடுவது மெயில்மேனில்தான், அதுவும் பழைய இரண்டாம் பதிப்பில். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மெயில்மேன் என்றால் தபால்காரர் அல்லவா.

இந்தக் கணக்குப்பிள்ளைக்கு மரியாதைச் சொல் எதுவும் புரியாது. கடிதத்தில் வரிக்கு ஒரு கட்டளை என்று எழுத வேண்டும், அதுவும் ஆங்கில எழுத்தில். 'ஹெல்ப்' என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினால் தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் பட்டியலிட்டுப் பதில் அனுப்பும். புதிதாக எந்தக் குழுவில் சேர்ந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். சேர 'சப்ஸ்கிரைப்', விலக 'அன்சப்ஸ்கிரைப்'. லிஸ்ட்செர்வ் என்றால் விலக 'சைன்ஆஃப்' எழுதி, பக்கத்தில் குழுவின் பெயரையும் எழுத வேண்டும். கூகுள் குழுக்களில் முகவரியே கட்டளை. குழுப் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லும் சேர்த்த முகவரிக்கு வெறும் மெயில் போட்டால் போதும்.

"விலகணும்னு நான் சொல்லலியே," என்றார் மாமா. "வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறவங்க எழுதிக் கொடுத்தா, வர்ற வரைக்கும் தபாலைப் பிடிச்சு வைப்போம். அந்த மாதிரி ஏதும் இல்லியா?"

இருக்கிறது. 'செட் டெலிவரி ஆஃப்'. பெயர் குழுவிலேயே இருக்கும், மெயில் மட்டும் வராது. ஒரே வித்தியாசம், இங்கே பிடித்து வைத்துப் பிறகு மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். விட்டுப்போனதைக் குழுவின் பழைய கடிதத் தொகுப்பில் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கட்டளைக்கு முன் 'செட் ஆதெண்டிகேட்' என்று எழுதி, பக்கத்தில் கடவுச்சொல் தர வேண்டும். கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. மெயில்மேனின் பழைய பதிப்பு வழக்கமாக மாதம் பிறந்தால் 1ஆம் தேதி அதை நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்பும். தேடினால், திறக்காமலேயே வரிசையாகக் கிடந்தன.

சரி, கடவுச்சொல் கிடைத்தது, இரண்டு வரியும் எழுதி அனுப்பினோம். அவர் உறுப்பினரே இல்லை என்று பதில் வந்தது!

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உறுப்பினர் இல்லை என்றால் தினம் 20 கடிதம் யாருக்கு வருகிறது? நியாயமான கேள்வி. அந்த மெயில்களில் ஒன்றைக் கடைக் கணினியில் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினேன். கடிதத்துக்கு மேலே சாதாரணமாகக் கண்ணில் படாத தலைப்பு வரிகள் எல்லாம் கொட்டின. எந்த நேரத்தில் எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்கு வந்தது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இது முத்திரை," என்றார். "ஒவ்வொரு ஆபீஸ்லயும் குத்தின முத்திரை. கீழேருந்து மேல படிக்கணும், இல்ல?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். கடைசியில் குத்தியதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே வந்தவர், 'எக்ஸ்-ஃபார்வர்டட்' என்று ஆரம்பிக்கிற ஒரு வரியில் நின்றார். அதில் அவருடைய பழைய முகவரி இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்பே என் கணவர் தொடங்கிக் கொடுத்தது. புதிய போன் வாங்கியபோது புது முகவரி தொடங்கி, பழையதற்கு வருவதெல்லாம் புதியதற்கு வரும்படி செய்து வைத்திருந்தோம். எல்லோரும் மறந்துவிட்டோம்.

"ரீடைரக்ட் ஆகி வந்த தபால்ம்மா இது. பழைய அட்ரஸை அடிச்சுட்டுப் புதுசு எழுதிருக்கான்."

குழுவின் பதிவேட்டில் இருப்பது பழைய முகவரி. கட்டளை போனதோ புதிய முகவரியிலிருந்து. கணக்குப்பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நினைவூட்டல் கடிதத்திலும் கடவுச்சொல்லுக்கு மேலே பழைய முகவரிதான் இருந்தது, அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இதற்கும் வழி உண்டு. கடவுச்சொல்லுக்குப் பக்கத்தில் 'அட்ரஸ்' என்று எழுதி, சமக்குறி போட்டு, இடைவெளி விடாமல் பழைய முகவரியைச் சேர்க்க வேண்டும். மேற்கோள்குறி போடக் கூடாது, அடைப்புக்குறியும் கூடாது. அடுத்த வரியில் 'செட் டெலிவரி ஆஃப்'. மூன்றாவது வரியில் 'எண்ட்'.

அந்த எண்டை விடவே கூடாது. மாமாவின் ஒவ்வொரு மெயிலுக்குக் கீழேயும் அவர் பெயர், ஓய்வு பெற்ற பதவி, ஊர், பின்கோடு எல்லாம் தானாகவே சேரும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமானபோது அவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. யாருக்கும் மனப்பாடம் ஆகாத அந்தக் காலத்தில் உறைகளில் இவர் எழுதிச் சேர்த்திருக்கிறார். ஆகவே கையெழுத்திலிருந்து அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'எண்ட்' என்று ஒரு வரி இருந்தால் கணக்குப்பிள்ளை அதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் கையெழுத்தின் ஒவ்வொரு வரியையும் கட்டளை என்று நினைத்துப் படித்துப் பார்க்கும்.

அனுப்பினோம். தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்லியிருந்தேன், அது வருவதற்குள் பதில் வந்துவிட்டது. தலைப்பு, நாங்கள் எழுதிய வரிகள், விளைவு, கடைசி வரியில் 'டன்', அதாவது முடிந்தது. மாமா அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தார்.

இன்னொரு குழுவும் இருந்தது, காபி வறுப்பது பற்றி. அதிலிருந்து அவருக்கு முழுதாகவே விலக வேண்டும். அதை மலைக்குப் போய்த் தானே செய்கிறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் தயக்கம். விலகும்போது சில குழுக்கள் "இது நீங்கள்தானா?" என்று கேட்டு ஒரு நீளமான குறியீட்டுடன் கடிதம் அனுப்பும். தலைப்பை மாற்றாமல் அதற்கு அப்படியே பதில் போட வேண்டும். வழக்கமாக 3 நாள் கெடு. அவர் வீட்டில் சிக்னல் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. மழை மூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்த முறை அந்த மாதிரி ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. இணையப் பக்கம் போய் விலகுவது என்றால் பக்கம் திறக்க வேண்டும், படம் எல்லாம் வர வேண்டும், நடுவில் சிக்னல் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு சொல் எழுதிய மெயிலுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. எழுதி அனுப்பிவிட்டால் போனிலேயே கிடக்கும். சிக்னல் எட்டிப் பார்க்கிற அரை நிமிடத்தில் தானே கிளம்பிவிடும். தபால் பெட்டியில் போட்ட கடிதம் போலத்தான், வண்டி வரும்போது போகும்.

கட்டளை மறந்துபோனாலும் பயமில்லை என்று அவருக்குச் சொன்னேன். 1998இல் வந்த ஒரு விதிப்படி, குழு மெயில்களின் அந்த மறைந்த தலைப்பிலேயே எங்கே எழுதினால் விலகலாம் என்ற வரி இருக்கும். ஜிமெயில் போன்றவை அதைப் படித்துத்தான் மேலே விலகும் பொத்தானைக் காட்டுகின்றன. 2024 முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலக வழி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டன. நல்ல காரியம். போன வருடம் ஒரு துணிக்கடை மெயில்களிலிருந்து விலக நான் 4 பக்கம் தாண்டி, காரணம் எழுதிக் கொடுத்து, அப்போதும் அவை நிற்கவில்லை. போக விரும்புகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து வைக்கிற அந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாமாகச் சேர்ந்த குழுவுக்கும் நமக்குத் தெரிந்த கடைக்கும்தான் விலகல் கடிதம். லாட்டரி விழுந்தது என்று வருகிற மெயிலுக்கு ஒரு சொல்கூடப் பதில் போடக் கூடாது. இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்னதாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் தன் கையால் எழுதிக்கொண்டார். தபால்காரர் கையெழுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் இரவு போன். "கேள்வி கேட்டு வந்துச்சும்மா. பதில் போட்டேன். அக்னாலட்ஜ்மென்ட் கார்டுல கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பற மாதிரிதானே?" அதேதான். காபிக் குழு முடிந்தது.

பிப்ரவரி கடைசியில் பறிப்பு முடிந்து, பழத்தை உலர்த்திக் கொடுத்துக் கணக்கும் பார்த்தாயிற்று. நான் நினைவுபடுத்தவில்லை. அவரே அட்டையைப் பார்த்து 'ஆஃப்' இருந்த இடத்தில் 'ஆன்' போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது போனை நீட்டினார். 1948இல் வெளியான காந்தி அஞ்சல்தலைகளைப் பற்றிக் குழுவில் யாரோ ஒருவர் கேட்டிருந்தார். நான்கு மதிப்புகள், ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். 10 ரூபாய்த் தலையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா என்பது கேள்வி.

"இதுக்குப் பதில் எல்லாருக்கும்தானே போகணும்?" என்று கேட்டார்.

"ஆமாம் மாமா, இதை வீடு வீடா போடலாம்."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.