தேர்தலில் தோற்று கவர்னர் ஆன கதை

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய பையில் ஒரு கடிதம் வந்தது. பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கான ஓர் இடம் காலி, விருப்பமுள்ளவர்கள் நிற்கலாம் என்று. லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும், அந்தக் குழுவில் உட்காரும் ஸ்கூல் கவர்னர் என்றால் யாரென்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மதியச் சாப்பாட்டு வரிசை மேல் கோபம் இருந்தது. பிள்ளைகள் தட்டை வாங்கி உட்கார்வதற்குள் மணி அடித்துவிடும். அதையே அரைப் பக்கத்துக்கு எழுதி மனு போட்டேன்.

ஐந்து பேர் நின்றோம். ரகசிய வாக்கெடுப்பு. தோற்றேன்.

சில வாரம் கழித்துக் குழுவின் கிளார்க்கிடமிருந்து மின்னஞ்சல். குழுவே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் 'கோ-ஆப்டட்' இடம் ஒன்று இருக்கிறது, கணக்கு தெரிந்தவர் வேண்டும், வருகிறீர்களா என்று. மனுவின் கடைசி வரியில் என் தொழிலைப் போட்டிருந்தேன். அவர்கள் கண்ணில் பட்டது அது மட்டும்தான் போல!

குழுத் தலைவர் நேரில் பேசியபோது ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் மகளின் டீச்சர் மேல் குறை இருந்தால் என்ன செய்வீர்கள்?" கூட்டத்தில் எழுப்புவேன் என்றேன், பெருமையாக. சிரித்துவிட்டார். மற்ற பெற்றோர் மாதிரி நீங்களும் முதலில் டீச்சரிடம்தான் போக வேண்டும். குழுவில் எல்லோரும் முன்கூட்டியே கேட்டுவிட்டால், நாளைக்கு அது முறையான புகாராக வரும்போது நடுநிலையாக விசாரிக்க யார் மிஞ்சுவார்கள் என்றார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் வேலை என்னவென்று பிடிபட்டது. பள்ளி போகும் திசையை வகுப்பது, பிள்ளைகளின் படிப்புக்குத் தலைமையாசிரியரைப் பதில் சொல்ல வைப்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. பள்ளியை நடத்துவது நம் வேலை இல்லை.

அப்புறம் காகித வேலை. டி.பி.எஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கு ஐந்து வருட முகவரிகள் வேண்டும். நாலு வீடு மாறிய ஆள் நான். பழைய கவுன்சில் டாக்ஸ் ரசீதுகளைத் தேடியே ஒரு ஞாயிறு போனது. அலுவலகத்தில் பயந்தபடி எதுவும் இல்லை. இந்தப் பொறுப்புக்கு நியாயமான அளவு நேரம் விடச் சட்டமே இருக்கிறது, அந்த நேரத்துக்குச் சம்பளம் தரத்தான் கட்டாயமில்லை.

முதல் கூட்டத்தில் 2024-25 பட்ஜெட். இலவச உணவுக்குத் தகுதிபெற்ற தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு அந்த வருடம் தலைக்கு 1,480 பவுண்டு கூடுதலாகத் தந்தது. அதில் பெரும்பகுதி உதவி ஆசிரியர் சம்பளத்துக்குப் போயிருந்தது. இப்படிச் செய்யாமல் அப்படிச் செய்யலாமே என்று ஆரம்பித்தேன். தலைவர் மெதுவாகக் கையமர்த்தினார். "அதனால் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியதா என்று கேளுங்கள்." கேட்டேன். தலைமையாசிரியர் கணக்கில் உள்ளதைச் சொல்லிவிட்டு, வாசிப்பு விவரம் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். கிளார்க் குறித்துக்கொண்டார்.

பதவிக்காலம் 4 வருடம், சம்பளம் கிடையாது. ஊருக்கு போன் பேசும்போது கவர்னர் ஆகிவிட்டேன் என்றதற்கு, "கிண்டி ராஜ்பவன்லயாடா?" என்று அம்மா கேட்டாள். விளக்கினேன்.

"சரி, அந்தச் சாப்பாட்டு லைன் என்னாச்சு?"

"அது தலைமையாசிரியர் பார்க்க வேண்டியதும்மா."

"அப்ப நீ என்னடா கவர்னர்?"