முத்துவோட வயிறு

நம்ம மட்டக்குதிரை முத்துவுக்கு நாலு மாசத்துல இது மூணாவது தடவை வயித்து வலி. முன்னங்காலால தரையப் பறிக்குது, திரும்பித் திரும்பி விலாவப் பாக்குது, படுத்து உருளுது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் வந்து ஊசி போடுவார், சரியாயிடும், நானும் அப்பாடான்னு விட்டுடுவேன், அங்கதான் தப்பு பண்ணிட்டேன். குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க, அதனால வயித்து வலிய லேசா எடுத்துக்கவே கூடாது.

இந்தத் தடவை காரணத்தக் கண்டுபிடிக்காம விடறதில்லன்னு இறங்கினேன். லத்திய ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில கரைச்சு வெச்சேன், மணல் தின்னிருந்தா அடியில தங்கும், தங்கல. புழு முட்டை டெஸ்ட்டும் கம்மிதான் (நாடாப்புழு மட்டும் இதுல பல நேரம் சிக்காது, அதுக்குத் தனி டெஸ்ட்).

அப்புறம் ஒருநாள் தீவனத் தொட்டிய கழுவும்போது பாத்தா ஓரத்துல ஈரமா, சுருட்டு மாதிரி, பாதி மென்னு துப்பின வைக்கோல் உருண்டைங்க! எத்தன நாளா கெடந்துச்சோ, நான்தான் கவனிக்கல. டாக்டர் வாயத் திறந்து பாத்தா மேல் கடவாப்பல்லு வெளி ஓரம் கத்தி மாதிரி கூராகி கன்னத்துல புண்ணு. மெல்லாம முழுங்கினதுதான் குடல்ல போய் அடைச்சிருக்குன்னார். பல்ல ராவி விட்டாச்சு.

இப்ப வைக்கோல ஊற வெச்சுதான் போடறேன், அதையும் பிரிச்சுப் பிரிச்சு, ஏன்னா சாப்பிடாத நேரத்துலயும் குதிரை வயித்துல ஆசிட் சுரந்துகிட்டேதான் இருக்கும். தினமும் காலைல மொத வேலை தொட்டிய தடவிப் பாக்கறது. இன்னைக்கு உருண்டை இல்ல.